ஆற்றில் பூச்சிமருந்து இருக்கிறதா? கலங்கலோடு வரும் மாசைக் கண்காணிப்பது எப்படி

பவானி ஆற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் எதிரெதிராக நின்றுகொள்கின்றன. மலையில் அடிக்கிற மருந்தெல்லாம் ஆற்றில்தான் வந்து சேர்கிறது என்பது ஒன்று. தண்ணீரைப் பரிசோதித்தாகிவிட்டது, மருந்து எதுவும் இல்லை என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் எந்த மருந்து, எந்த வழியாக, எவ்வளவு என்று சொல்வதில்லை. இரண்டாவதைச் சொல்பவர் எந்த நாளில், எந்த இடத்தில், தண்ணீரின் எந்தப் பகுதியைப் பரிசோதித்தார்கள் என்று சொல்வதில்லை. இரண்டு கூற்றுகளும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் மருந்தையும் மண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆற்றுக்கு முன்னால் இருக்கும் நிலம்

ஓர் இடத்தில் பெய்கிற மழை வழிந்து வழிந்து கடைசியில் எந்த ஆற்றில் சேருமோ, அந்த ஆற்றின் நீர்வடிப்பகுதி அந்த நிலம் முழுவதும்தான். செய்திகளில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று நாம் படிப்பதும் இதையே. பவானி நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு வழியாகச் சென்று, மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, குந்தா ஆற்றையும் சேர்த்துக்கொண்டு பில்லூர் அணைக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்தையும் சிறுமுகையையும் கடந்தபின், 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் மாயாற்றைச் சந்திக்கிறது. பவானி நகரில் காவிரியோடு கலக்கிறது. ஆகவே உதகைக்குப் பக்கத்தில் ஒரு காரட் தோட்டத்தில் விழும் மழைத்துளியும், அட்டப்பாடியில் ஒரு வாழைத்தோட்டத்தில் விழும் துளியும், மேட்டுப்பாளையம் சாலையோரம் விழும் துளியும் ஒரே அணைக்குத்தான் வந்து சேர்கின்றன.

ஆலைக்கழிவு என்றால் குழாய் வாயைக் காட்டி இதுதான் இடம் என்று சொல்லிவிடலாம். வயலிலிருந்து வரும் மாசுக்குக் குழாய் வாய் கிடையாது. ஆயிரக்கணக்கான சரிவுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அதுவும் மழை பெய்கிற நேரத்தில் மட்டும் வருகிறது. இப்படி வருவதைப் பரவல்மாசு என்கிறார்கள். பொறுப்பு யார் என்று சுட்டிக்காட்ட முடியாததாலேயே இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஊகத்தில் முடிந்துவிடுகிறது.

அரப்பும் எண்ணெயும்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் தண்ணீரை மட்டும் ஊற்றினால் பிசுக்கு போகாது என்பதை அறிவார்கள். அரப்புத்தூளைத் தேய்த்தால்தான் எண்ணெய் அந்தத் தூளைப் பற்றிக்கொண்டு வழிந்து போகும். உடம்பில் இருந்த வியர்வை உப்போ எதையும் பற்றிக்கொள்ளத் தேவையில்லாமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். குளித்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துத் தெளியவைத்தால் அரப்பு அடியில் தங்கும், எண்ணெயின் பெரும்பகுதியும் அதனோடு தங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரில் உப்புதான் மிஞ்சும். அந்தத் தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இவர் எண்ணெயே தேய்க்கவில்லை என்று ஒருவர் முடிவு சொன்னால் எப்படி இருக்கும்?

பூச்சிமருந்துகளிலும் இந்த இரண்டு இனங்கள் உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது; அதற்காக மண்ணில் இடப்பட்ட கார்போஃபியூரான் குருணை தண்ணீரில் நன்றாகவே கரையும், லிட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராமுக்கு மேல். குளோர்பைரிஃபாஸ் ஒரு லிட்டரில் ஒன்றிரண்டு மில்லிகிராம் கரைந்தாலே அதிகம். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூடக் கரைவதில்லை. கரைய மறுக்கும் மருந்து காணாமல் போய்விடுவதில்லை. மண்ணில் உள்ள மட்கிய இலைதழைப் பொருளில், அதாவது கரிமப் பொருளில், போய் ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஒட்டும் தன்மையை வேதியியலார் ஓர் எண்ணாக எழுதுகிறார்கள். மருந்து, மண், தண்ணீர் மூன்றையும் கலக்கி நிலைபெற விட்டபின், மண்ணின் கரிமப் பொருளில் எவ்வளவு செறிந்திருக்கிறது, தண்ணீரில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதன் விகிதமே அந்த எண். அதை ஒட்டுதிறன் என்று வைத்துக்கொள்வோம். கார்போஃபியூரானுக்கு அது சில பத்துகளில் நிற்கும், குளோர்பைரிஃபாஸுக்கு ஆயிரங்களில் வரும், சைபர்மெத்ரினுக்கு லட்சத்தைத் தாண்டும். ஒரு மருந்தின் பெயரைக் கேட்டதும் அது எவ்வளவு நச்சு என்று கேட்கிறோம். ஆற்றைப் பற்றிய கவலையில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது எந்த வண்டியில் ஏறி வரும் என்று தெரியாமல் எந்த நிறுத்தத்தில் காத்திருப்பது?

இதுவரை பார்த்ததன் சாரம்: கரையும் மருந்து தண்ணீரோடு வருகிறது, கரையாத மருந்து மண்ணோடு வருகிறது. மண்ணைப் பார்க்காத பரிசோதனை இரண்டாவது இனத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தவறவிடும்.

மண் எப்படி ஆற்றுக்கு வருகிறது

நீலகிரியில் கார்போக நடவு தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக அமைகிறது. அந்த நேரத்தில் நிலம் கொத்திப் பொலபொலவென்று விடப்பட்டிருக்கும். பயிர் மண்ணை மூடும் அளவுக்கு வளர்ந்திருக்காது. மருந்தும் உரமும் புதிதாக இடப்பட்டிருக்கும். பாத்திகள் சரிவை மறித்துக் குறுக்காக அமையாமல் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஓடினால், ஒவ்வொரு பாத்தியிடைவெளியும் ஒரு சிறு வாய்க்காலாகிவிடும். இதன்மேல் மலைமழை விழுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. அது விதிவிலக்கான நாள்தான், ஆனால் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் சாதாரண மழையே மூடப்படாத மண்ணைப் பெயர்க்கப் போதுமானது.

ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால் அது 10 கனமீட்டர்; எடையில் பத்து டன்னுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத இழப்பு, ஆனால் லாரிச் சுமை. அதிலும் போகிற மேல்மண்ணில்தான் கரிமப் பொருளும் அதில் ஒட்டிய மருந்தும் அதிகம்.

தண்ணீர் சுமந்துவந்து பிறகு எங்கோ இறக்கிவிடும் மண், மணல், களிமண் அனைத்துக்கும் பொதுப்பெயர் படிவு. அது தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் நிலையை மிதவைப்படிவு என்போம். நாம் கலங்கல் என்று கண்ணால் காண்பது அதைத்தான். எல்லாப் படிவும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அசையாத நீரில் 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழத்தைச் சுமார் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். 2 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு, அளவுள்ள களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நாள் ஆகும். ஆகவே மணல் ஓடையிலேயே தங்கிவிட, களிமண் மட்டும் அணைவரைக்கும், சில சமயம் அணையைத் தாண்டியும் போகிறது. எடையோடு ஒப்பிட்டால் களிமண்ணின் மேற்பரப்பு மிகப் பெரிது. ஒட்டிக்கொள்ளும் மருந்தின் பெரும்பங்கும் அதில்தான். எது அதிக தூரம் போகிறதோ அதுவே அதிக மருந்தைச் சுமக்கிறது.

மருந்தே இல்லாவிட்டாலும் படிவு ஒரு மாசுதான். அது கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்து மீன்முட்டைகளுக்குப் பிராணவாயு போகாமல் செய்கிறது, நீர்த்தாவரத்துக்கு வெளிச்சத்தை மறைக்கிறது, அணையின் கொள்ளளவைத் தின்கிறது. பவானிசாகரின் வடிவமைப்புக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி.; அதற்குள் படிவு பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு கனஅடியும் பாசனத்துக்குக் கிடைக்காத கனஅடி.

எந்த நாளில் தண்ணீர் எடுப்பது

கண்காணிப்பில் பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இதுதான், ஆகவே இதில் சற்று நிதானிப்போம். செறிவு, சுமை என்று இரண்டு அளவுகள் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது செறிவு. ஒரு நாளில் ஆறு மொத்தமாக எவ்வளவு பொருளைக் கொண்டுபோகிறது என்பது சுமை. செறிவை நீரோட்டத்தால் பெருக்கினால் சுமை கிடைக்கும்.

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரண நாளில் ஆற்றில் நொடிக்கு 10 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 350 கனஅடி, தண்ணீர் ஓடுகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் படிவு இருக்கிறது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 17 டன் சொச்சம். வெள்ள நாளில் நொடிக்கு 300 கனமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் படிவு. அன்றைய சுமை சுமார் 51,800 டன். நீரோட்டம் 30 மடங்கு, செறிவு 100 மடங்கு, சேர்ந்து 3,000 மடங்கு. அந்த ஒரே நாளில் போனது, சாதாரண நாட்கள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தால் போகிற அளவு. உண்மையான ஆறுகளில் வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால் வேறுபாடு இவ்வளவு கூர்மையாக இல்லாமல் போகலாம். ஆனால் ஆண்டுச் சுமையின் பெரும்பகுதி சில நாட்களிலேயே போய்விடுகிறது என்பது மலையாறுகள் எங்கும் காணப்படும் நடைமுறை.

இப்போது மாதம் ஒருமுறை, அலுவலக நாளில், சாலை திறந்திருக்கும் வானிலையில் எடுக்கப்படும் மாதிரியை நினைத்துப்பாருங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு பாட்டில்கள். பெருவெள்ளத்தின் அன்று ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உயிர்வளித் தேவை, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் நுண்ணுயிர் போன்றவற்றை அறிய மாதாந்திர மாதிரி பயனுள்ளதே. கழிவுநீர் எல்லா நாளும் வருகிறது. மழையோடு மட்டும் வரும் மாசைப் பிடிக்க அது உதவாது. நம் நாட்டின் நீர்த்தரக் கண்காணிப்பில் எல்லா நிலையங்களிலும் பார்க்கப்படும் அடிப்படை அளவுகளில் பூச்சிமருந்து சேரவில்லை; தேர்ந்தெடுத்த மாதிரிகளில் மட்டுமே அது பார்க்கப்படுகிறது.

வெள்ளத்துக்குள்ளேயும் நேரம் முக்கியம். ஆறு ஏறும்போது, வயல்களிலும் ஓடைப்படுகையிலும் தளர்ந்து கிடந்த மண் முதலில் கிளம்பிவிடுகிறது. அதனால் பல ஆறுகளில் கலங்கலின் உச்சம் நீரோட்டத்தின் உச்சத்துக்கு முன்பே வந்துபோகிறது. இதை முதல்கழுவல் என்கிறார்கள். கரையில் நிற்பவர் வெள்ளம் நன்றாக வரட்டும் என்று காத்திருந்தால், எடுக்க வேண்டியது ஏற்கெனவே போயிருக்கும். அதற்காகவே தானியங்கி மாதிரியெடுப்பான் வைக்கிறார்கள்: நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் தானே விழித்துக்கொண்டு, குழாய் வழியாக உறிஞ்சி, ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பி, உள்ளே குளிர்நிலையில் வைத்துக்கொள்ளும் பெட்டி அது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பெரும் பவளத்திட்டுக் கடலில் விழும் ஆறுகளைக் கண்காணிக்கும் அரசுத் திட்டத்தில் மழைக்கால வெள்ளங்களின்போதுதான் மாதிரிகள் நெருக்கமாக எடுக்கப்படுகின்றன. அங்கே கரும்புத் தோட்டங்களிலிருந்து டையூரான் போன்ற களைக்கொல்லிகள் பெரும்பாலும் கரைந்த நிலையில் வருகின்றன. பர்டெக்கின் ஆற்றின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து நுண்ணிய படிவு வருகிறது. ஒரே கடலுக்குச் செல்லும் இரண்டு மாசுக்கும் இரண்டு வகை மாதிரி தேவைப்படுகிறது.

சுருங்கச் சொன்னால், செறிவு அன்றைக்கு அங்கிருந்த மீனுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும். சுமை அணைக்கும் கடலுக்கும் என்ன போய்ச் சேர்ந்தது என்று சொல்லும்.

எதை எடுப்பது, எப்படி எடுப்பது

மருந்துக்கான மாதிரியைக் குடிநீர் பாட்டிலில் பிடித்து அனுப்பக் கூடாது. ஒட்டும் இயல்புள்ள மருந்து பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெயிலில் சிதையாமல் இருக்கப் பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில், மூடியின் உட்புறம் டெஃப்லான் பதித்து, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். கரையோரம் தேங்கிய இடத்தில் முகர்ந்தால் களிமண் மட்டும் கிடைக்கும், மணல் கிடைக்காது. அதனால் பாலத்திலிருந்து எடைகட்டிய மாதிரிக்குடுவையை நீரின் மேல்மட்டத்திலிருந்து அடிவரை சீரான வேகத்தில் இறக்கி ஏற்றி, ஆழம் முழுவதற்கும் சராசரியான தண்ணீரைப் பிடிப்பது வழக்கம். படிவை அளப்பது எளிய வேலைதான்: அளந்த தண்ணீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, தாளை 103 முதல் 105 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி, முன்னும் பின்னும் எடை பார்க்கிறார்கள். கலங்கல்மானி ஒளியை வைத்து நொடிக்கு நொடி அளந்து தருவதை இந்த எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டால், இடைப்பட்ட மணி நேரங்களுக்கும் கணக்கு கிடைக்கும்.

கரையாத மருந்துக்கு ஆற்றடிப் படிவையே எடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின் வளைவுகளின் உட்புறத்தில் தங்கும் மெல்லிய சேற்றின் மேல் ஓரிரு சென்டிமீட்டரை வழித்தெடுத்தால், கடந்த சில வாரங்களில் வந்தவை அதில் இருக்கும். இந்தியாவில் விவசாயத்தில் டி.டி.டி. 1989-இல் தடைசெய்யப்பட்டது, தடைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அதன் சிதைவுப் பொருளான டி.டி.இ. ஆற்றடிச் சேற்றில் அகப்படுவதற்குக் காரணம் இந்த ஒட்டும் தன்மையே. டி.டி.டி.யைவிட டி.டி.இ. மிகுந்திருந்தால் பழைய எச்சம் என்றும், தலைகீழாக இருந்தால் புதிதாக எங்கோ பயன்படுத்துகிறார்கள் என்றும் கொள்ளலாம்.

மூன்றாவது சாட்சி உயிரினங்கள். மேஃபிளைப் பூச்சியின் இளம்பருவங்கள் ஓடைக்கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் ஒட்டி வாழ்பவை. ஒரு இரவு வந்துபோன மருந்தைத் தண்ணீர் மறந்துவிடும், கல்லைப் புரட்டினால் அவை இல்லாமையே அதைச் சொல்லிவிடும். அமெரிக்க ஆய்வகங்களில் ஹையலெல்லா அஸ்டெக்கா என்ற, இறால் போன்ற சின்னஞ்சிறு உயிரியை ஆற்றுச் சேற்றில் பத்து நாட்கள் விட்டு எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணும் சோதனை உண்டு. பட்டியலில் எந்த மருந்தைத் தேடுவது என்று தெரியாதபோது இது மிகவும் கைகொடுக்கிறது.

அறிக்கையில் உள்ள சொற்கள்

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லை இல்லை என்று படிப்பது பரவலான பிழை. ஒவ்வொரு கருவிக்கும் அது நம்பிக்கையோடு காணக்கூடிய மிகச் சிறிய அளவு ஒன்று உண்டு. அதுவே கண்டறியும் வரம்பு. அறிக்கை சொல்வது, அந்த வரம்புக்கு மேல் இல்லை என்பதை மட்டும். வரம்பு எவ்வளவு என்று எழுதாத அறிக்கையால் பயன் குறைவு. தேடிய மருந்துகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாதது கண்டறியப்படாது.

அடுத்தது, யாருக்குப் பாதுகாப்பு என்பது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 குளோர்பைரிஃபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடம் தருகிறது. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கும் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்தது 0.041 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே எழுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதாவது நாம் குடிக்கத் தகுதியானது என்று முத்திரை பெற்ற நீரில் மேஃபிளை இளம்பருவங்கள் செத்துக்கொண்டிருக்க முடியும். அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது.

மருந்துப் புட்டியில் உள்ள நிற முக்கோணமும் இதே குழப்பத்தைத் தருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை பாலூட்டிகளுக்கு உள்ள உடனடி நச்சுத்தன்மையை வைத்து வகுக்கப்பட்டது. உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய்க்கு அடிக்கும் மான்கோசெப் பச்சை முக்கோணம் பெற்றது. நீர்வாழ் உயிர்களுக்கோ அது கடும் நச்சு. பச்சையைப் பார்த்துவிட்டுத் தெளிப்பானை ஓடையில் கழுவுபவரைக் குறை சொல்வதற்கில்லை, முக்கோணம் அவருக்கு மீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

குடிநீரிலும் ஒரு நுட்பம் உண்டு. பில்லூரிலிருந்து கோவைக்கு வரும் நீரைப்போல, ஆற்று நீரைச் சுத்திகரிக்கும்போது படிகாரம் களிமண்ணைத் திரட்டி அடியில் தள்ளுகிறது. அதில் ஒட்டிய மருந்தும் பெருமளவு போய்விடும். கரைந்த மருந்துக்குப் படிகாரம் அதிகம் ஒன்றும் செய்வதில்லை, அதற்குக் கிளர்வூட்டிய கரி வேண்டும். ஆற்றுக்குப் பெரும் தொல்லையான இனமும் குடிநீருக்குத் தொல்லையான இனமும் இப்படி இடம் மாறிக்கொள்கின்றன.

எங்கே நிற்பது

பவானிசாகர் அணையில் மட்டும் மாதிரி எடுத்தால், கலங்கலின் பெரும்பகுதி மேலே பில்லூரிலும் இங்கே நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதனால் துணையாறு ஒவ்வொன்றும் சேரும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நிலையம் வைத்து, வித்தியாசத்தைப் பார்ப்பதே முறை. குந்தாவிலிருந்து வருவது எவ்வளவு, மேட்டுப்பாளையம் பக்கம் வந்து சேரும் குன்னூர் ஆற்றிலிருந்து எவ்வளவு, மாயாற்றிலிருந்து எவ்வளவு என்று பிரித்துவிட்டால், மலையெல்லாம் என்ற பேச்சு குறிப்பிட்ட சில சரிவுகளாகச் சுருங்கும். மண்ணைத் தடுத்து நிறுத்தும் படிமட்டமும் புல்வரப்பும் எங்கே முதலில் அமைப்பது என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைக்கும்.

இதுவரை கண்காணிக்காமல் விட்ட ஆண்டுகளுக்கு நீர்த்தேக்கத்தின் அடிப்படிவே ஓரளவு ஆவணமாகும். குழாயை நேராக இறக்கிச் சேற்றுத்தூண் ஒன்றை எடுத்தால், அடுக்குகள் கீழிருந்து மேலாக ஆண்டு வரிசையில் இருக்கும். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் விழுந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் உச்சம் 1963-ஐக் காட்டும், மற்ற ஆண்டுகளை அங்கிருந்து கணக்கிடலாம். டி.டி.டி. எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, பைரித்ராய்டு எப்போது வரத் தொடங்கியது என்பதெல்லாம் அந்தத் தூணில் படிக்கக்கூடியவை. கார்போஃபியூரானைப் பற்றி மட்டும் அதில் எதுவும் எழுதியிருக்காது. அது தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போய்விட்டது. அதைப் பிடிக்க மழை பெய்யும் அன்றே ஓடைக்கரையில் ஒரு குப்பி இருந்திருக்க வேண்டும்.